அணுத்துகளை நிறுத்த எடைக்கற்கள்

தாய்நிலத்தை விட்டுக் கடல் கடந்து வந்த பின்னும், சின்ன அந்தமான் தீவில் தமிழ் விளக்கு அணையாது காத்துவரும் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வரைந்து தருமாறு சங்கத்தார் பணித்தனர். நாமோ மறுகரையில் இரயில்வே சரக்குப் பிரிவில் எழுத்தராகக் காலங்கழிப்பவர். படிப்பும் மெட்ரிக்குலேஷனோடு நின்றுவிட்டது. நம் தங்கை குடும்பம் ஹட் பே காலனியில் வாழ்வதால் ஏற்பட்ட உரிமையொன்றே நம்மை இம்மலருக்குள் அழைத்து வந்தது. அரசர்களின் வரலாற்றையும் ஆலயங்களின் வரலாற்றையும் எழுத அறிஞர் பலர் உளர். நாம் எழுதத் துணிந்தது எடைக்கற்களின் வரலாறு. அதுவும் கடைத்தெரு எடைக்கற்களன்று. கண்ணுக்குப் புலனாகாத அணுத்துகள்களை நிறுத்துப் பார்க்க மனிதன் ஆக்கிக்கொண்ட எடைக்கற்கள்.

இப்பொருள் நமக்குக் கிட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற முறை நாம் கப்பலேறி ஹட் பே வந்திருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் தங்கை மகள் மூன்று புத்தகங்களை ஏந்தி வந்தாள். “மாமா, எலெக்ட்ரானின் நிறை ஒன்றுதானே? இந்தப் புத்தகத்தில் 9.109 × 10⁻³¹ கிலோகிராம் என்றிருக்கிறது. இதில் 0.511 எம்.இ.வி. என்றிருக்கிறது. மற்றொன்றில் 0.000549 அணு நிறை அலகு என்று போட்டிருக்கிறார்கள். எது சரி?” என்று கேட்டாள். அடுக்களையிலிருந்த தங்கை, “அண்ணா, அவளுக்கு இந்தப் பைத்தியம்தான். பௌதிகம் படிக்கவேண்டுமாம், அதற்காகப் போர்ட் பிளேருக்கு அனுப்பவேண்டுமாம். பெண்பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பி இந்தக் கணக்குகளை ஏன் படிக்கவைக்கவேண்டும்?” என்றாள். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுவிட்ட நகரை நம் குடும்பங்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றே சொல்லிவருகின்றன.

மகளின் வினாவுக்கும் தாயின் வினாவுக்கும் அன்று நம்மிடம் விடையில்லை. ஊர் திரும்பிய பின் நூல்களைத் தேடிப் படித்தோம். அறிந்தோரைக் கேட்டுத் தெளிந்தோம். இரண்டு வினாக்களுக்கும் விடை ஒரே வரலாற்றில் அடங்கியிருப்பதைக் கண்டு வியந்தோம். அதனையே இங்குச் சொல்லப் புகுகின்றோம்.

இரண்டு மணங்குகள்

நமக்குத் தெரிந்த எடையிலிருந்து தொடங்குவோம். நம் பாட்டனார் புளி வாணிகம் செய்தவர். அவருடைய பழைய கணக்கேடொன்று நம் வீட்டில் உண்டு. அதில் ஓரிடத்தில் ‘புளி 6 மணங்கு’ என்று எழுதியிருந்தது. இரயில்வேயின் பழைய சரக்குக் கணக்கில் ஒரு மணங்கு என்பது 82 2/7 பவுண்டு, அதாவது 37.32 கிலோகிராம் என்பதை அலுவலகத்துப் பெரியவர்களிடம் கேட்டறிந்திருந்தோம். உடனே பெருக்கிப் பார்த்து, பாட்டனார் ஒரே நாளில் 224 கிலோ புளி விற்றார் என்று உறவினரிடம் பெருமை பேசினோம். அங்கிருந்த முதியவர் ஒருவர் நகைத்து, “தம்பி, அது சென்னை மணங்கு. எட்டு வீசை ஒரு மணங்கு. எடை 25 பவுண்டுதான்” என்றார். 25 பவுண்டு என்பது 11.34 கிலோ. ஆறு மணங்கு 68 கிலோவே ஆயிற்று. நம் பெருமையும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று.

பெயர் ஒன்று, எடைகள் இரண்டு. பாட்டனாரின் கணக்கில் பிழையில்லை. படித்த நம்மிடமே பிழை. எழுதியவன் எந்த எடைக்கல்லால் நிறுத்தான் என்பதை அறியாதவன் முன்னோர் கணக்கைப் படிக்க இயலாது என்னும் பாடத்தை அன்று கற்றோம். இத்தகைய குழப்பங்களை நீக்குவதற்காகவே 1956ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடை, அளவுகளுக்கான சட்டம் இயற்றப்பெற்றது. மணங்கும் வீசையும் சேரும் பலமும் சிறிது சிறிதாக விடைபெற்றுக் கிலோகிராம் எங்கும் நிலைத்தது. அணு உலகிலும் ஏறக்குறைய அதே காலத்தில் அத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலாவது கல்: எலெக்ட்ரான்

1897இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். அவர் அதனைத் தராசில் இட்டு நிறுக்கவில்லை, நிறுக்கவும் இயலாது. மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் அத்துகள் எவ்வளவு வளைகின்றது என்று பார்த்து, அதன் நிறைக்கும் அதன் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டார். இவ்விகிதம் ஹைட்ரஜன் அயனிக்குரிய விகிதத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியதாக இருந்தது. எலெக்ட்ரானின் மின்னூட்டம் தனியே எவ்வளவு என்பதை அமெரிக்காவின் மில்லிகன் 1909 முதல் சில ஆண்டுகள் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு ஆராய்ந்து வெளியிட்டார். விகிதமும் தெரிந்து மின்னூட்டமும் தெரிந்துவிட்டால் நிறை தானே வந்துவிடும். அவ்வாறு வந்ததே இன்று 9.109 × 10⁻³¹ கிலோகிராம் என நாம் படிக்கும் எண். ஒரு கிலோ எடைக்கு எத்தனை எலெக்ட்ரான்கள் வேண்டும் எனில், 1 என்று எழுதி அதன் பின் 30 சுழியன்களை இடவேண்டும். அப்போதும் சற்றுக் குறையும்.

இத்தனை சிறிய பொருளைக் கிலோகிராமில் எழுதுவது, ஒரு மிளகின் எடையைச் சரக்கு வேகன் கணக்கில் எழுதுவது போன்றது. பிழையன்று, ஆனால் கைக்கு உதவாது. எனவே பின்னர்ப் புதிய துகள் ஒன்று கிட்டியபோதெல்லாம், அது எலெக்ட்ரானைப்போல் எத்தனை மடங்கு என்று விஞ்ஞானிகள் எழுதலாயினர். புரோட்டான் 1836 மடங்கு என்றனர். எலெக்ட்ரானே எடைக்கல் ஆயிற்று.

இரண்டாவது கல்: உயிர்வாயுவும் கரியும்

இரசாயன நூலோர் வேறு கல்லைப் பயன்படுத்தினர். அவர்களுக்கு வேண்டியது முழு அணுக்களின் நிறை. உயிர்வாயுவாகிய ஆக்சிஜனை 16 என வைத்து, மற்ற அணுக்களை அதனோடு ஒப்பிட்டனர். 1919இல் ஆஸ்டன் அமைத்த நிறைமாலைக் கருவி வந்த பின் பௌதிக நூலோரும் அணுக்களை மிக நுட்பமாக ஒப்பிடத் தொடங்கினர். அவர்களும் ஆக்சிஜனை 16 என்றே கொண்டனர். இரு சாராரும் ஒரே கல்லைப் பயன்படுத்துவதாகவே எண்ணியிருந்தனர்.

1929இல் ஓர் உண்மை வெளிப்பட்டது. காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒரே வகையானதன்று. 16 எண்ணுடைய அணுக்களோடு 17, 18 எண்ணுடையவையும் மிகச் சிறிதளவு கலந்துள்ளன என்று கண்டனர். இரசாயனத்தார் அக்கலவை முழுவதையும் 16 என்றிருந்தனர்; பௌதிகத்தார் கலப்பற்ற 16ஐ மட்டும் 16 என்றனர். பெயர் ஒன்று, எடைகள் இரண்டு! சென்னை மணங்கும் இரயில்வே மணங்கும்போல் பெரிய வேறுபாடன்று. பதினாயிரத்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவே. ஆயினும் நுட்பமான கணக்கில் அது பெரும் இடையூறாயிற்று.

இறுதியில் இரு சாராரும் தத்தம் கல்லைக் கைவிட இசைந்தனர். 12 எண்ணுடைய கார்பன் அணுவைச் சரியாக 12 என வைத்து, அதன் பன்னிரண்டில் ஒரு பங்கே அணு நிறை அலகு எனப் பௌதிகத்தாரின் பேரவை 1960இலும் இரசாயனத்தாரின் பேரவை 1961இலும் ஏற்றுக்கொண்டன. நம் கடைத்தெருக்களில் வீசையும் மணங்கும் விடைபெற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் உலக விஞ்ஞானிகளும் தம் பழைய கற்களைக் களைந்தனர் என்பது நோக்கத்தக்கது. அதற்கு முற்பட்ட நூலொன்றைப் படிப்போர் இதனை மறத்தல் ஆகாது. பௌதிகத்தாரின் பழைய அலகு ஒன்றுக்கு ஏறக்குறைய 931.2 எம்.இ.வி. என வரும், இன்றைய அலகு ஒன்றுக்கு 931.494. இரண்டும் சரியே, கற்கள் வேறு.

மூன்றாவது கல்: ஆற்றல்

எம்.இ.வி. என்பது யாது? இதுவே மருமகளை மிகவும் மயக்கிய கல். நிறையைக் கேட்டால் ஆற்றலைச் சொல்கிறார்களே என்றாள். அவளுக்கு நாம் ஹட் பேயைக் கொண்டே விடை கூறினோம்.

போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே எவ்வளவு தூரம் என்று காலனியில் யாரைக் கேட்டாலும், ‘கப்பலில் எட்டு மணி நேரம்’ என்பர்; 120 கிலோமீட்டர் என்பாரைக் காண்பது அரிது. தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்கின்றனர், கேட்பவரும் குழம்புவதில்லை. கப்பலின் வேகம் ஏறக்குறைய ஒன்றே என்பதை இருவரும் அறிவர். வேகம் நிலையாயிருந்தால் நேரத்தைச் சொன்னாலே தூரத்தைச் சொன்னதாகும். ஆனால் விரைவுக் கப்பல் வந்துவிட்டால் இக்கணக்குப் பொய்த்துவிடும்.

ஒளியின் வேகமோ ஒருபோதும் மாறாதது. விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். ஒரு பொருளின் நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அந்நிறையில் அடங்கிய ஆற்றல் வரும் என்று 1905இல் ஐன்ஸ்டைன் காட்டினார். பெருக்கும் எண் எக்காலத்தும் எவ்விடத்தும் ஒன்றேயாதலின், ஆற்றலைச் சொன்னாலே நிறையைச் சொன்னதாகும். கப்பல் கணக்கு வேகத்தைப் பொறுத்துத் தவறலாம், இக்கணக்கு தவறாது.

ஒரு வோல்ட் மின்னழுத்தம் ஓர் எலெக்ட்ரானை உந்தும்போது அது பெறும் ஆற்றல் ஓர் எலெக்ட்ரான் வோல்ட். கைவிளக்கில் இடும் ஒன்றரை வோல்ட் மின்கலம் ஒன்றரை எலெக்ட்ரான் வோல்ட் தரும். அதைப்போல் பத்து இலட்சம் மடங்கு ஒரு மெகா எலெக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக எம்.இ.வி. 1930கள் முதல் துகள்களை உயர்ந்த மின்னழுத்தத்தால் விரைவுபடுத்தி மோதவிட்டு ஆராயும் பொறிகள் தோன்றின. எத்தனை வோல்ட் உந்தியது என்பதே கருவியில் நேராகத் தெரிவதால், நிறையையும் அதே அலகில் சொல்வது எளிதாயிற்று. ஒரு எம்.இ.வி. நிறை என்பது 1.78266 × 10⁻³⁰ கிலோகிராம்.

இப்போது மூன்று கற்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்போம். எலெக்ட்ரான் நிறை ஒன்று என்பது 0.511 எம்.இ.வி. அணு நிறை அலகு ஒன்று என்பது 931.494 எம்.இ.வி. இவ்விரண்டு எண்களை மனத்தில் கொண்டால் போதும். மற்றவை பெருக்கலும் வகுத்தலுமே. புரோட்டான் 1.007276 அணு நிறை அலகு. அதனை 931.494ஆல் பெருக்க 938.27 எம்.இ.வி. வரும். அதனை 0.511ஆல் வகுக்க 1836 வரும். முற்கூறிய மடங்கு அதுவே. மருமகள் தன் கையாலேயே இக்கணக்கைச் செய்து பார்த்து, மூன்று புத்தகங்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்று மகிழ்ந்தாள்.

இமயச் சாரலில் ஒரு நிறுவை

இம்மாற்றுக்கணக்கு வெறும் தேர்வுக் கணக்கு அன்று. அது தெரியாவிடின் நம் நாட்டுப் பெண்ணொருத்தியின் அரிய உழைப்பு நமக்குப் புலப்படாமலே போய்விடும்.

1935இல் ஜப்பானிய விஞ்ஞானி யுகாவா, அணுக்கருவைக் கட்டிநிறுத்தும் விசைக்குக் காரணமாக ஒரு புதிய துகள் இருத்தல் வேண்டும் என்றும், அது எலெக்ட்ரானைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு நிறையுடையதாய் இருக்கவேண்டும் என்றும் கணித்தார். எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறை. 1937 அளவில் ஆண்டர்சன், நெட்டர்மேயர் என்போரும், ஸ்ட்ரீட், ஸ்டீவன்சன் என்போரும் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் அத்தகைய இடைநிறைத் துகளொன்றைக் கண்டனர். இடைப்பட்டது என்னும் பொருளில் அதனை மெசோட்ரான் என்றனர். ‘ட்ர்’ என்னும் ஒலி இப்பெயருக்கு வேண்டாதது என்று கூறி, 1939இல் மெசான் எனச் சுருக்கியவர் நம் ஹோமி பாபா. ஆனால் அதன் நிறை மட்டும் ஒருவர் கைக்கும் திட்டமாக அகப்படவில்லை. ஸ்ட்ரீட், ஸ்டீவன்சன் கூறியது ஏறக்குறைய 130 மடங்கு. அதிலும் நான்கில் ஒரு பங்கு பிழை இருக்கலாம் என்றனர்.

அப்போது கல்கத்தாவின் போஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தேவேந்திர மோகன் போஸ் இயக்குநராக இருந்தார். அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்தவர் பிபா சௌதுரி. 1913இல் பிறந்தவர், 1936இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிக முதுகலை முடித்தவர், அவ்வகுப்பில் இருந்த ஒரே பெண்.

அவர்களிடம் பெரிய கருவிகள் இல்லை. ஒளிப்படத் தகடுகள் இருந்தன. அத்தகடுகளை டார்ஜிலிங்கிலும், அதனினும் உயர்ந்து 12,000 அடிக்கு அண்மையில் நிற்கும் சந்தக்பூ மலையிலும் பல நாள் வைத்திருந்தனர். வானிலிருந்து வரும் துகள் தகட்டின் பூச்சினூடே செல்லும்போது அதன் வழியெங்கும் வெள்ளி மணிகள் தோன்றும். கழுவிய தகட்டை நுண்ணோக்கியில் வைத்து அம்மணிகளை ஒவ்வொன்றாக எண்ணினர். மணிகள் எத்துணை நெருக்கமாயுள்ளன என்பதும், வழி எத்துணை கோணியுள்ளது என்பதுமாகிய இரண்டு அடையாளங்களைக் கொண்டு துகளின் நிறையைக் கணித்தனர். கரடுமுரடான பாதையில் பாரவண்டி நேரே செல்லும். வெறும் மிதிவண்டி அலைந்தலைந்து செல்லும். தடத்தைப் பார்த்தே சென்றது எதுவென்று சொல்லலாம் அன்றோ! அற்றே இதுவும்.

1940 முதல் 1942 வரை ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற இதழில் இருவரும் கட்டுரைகள் வெளியிட்டனர். அவர்கள் கண்ட நிறை எலெக்ட்ரானைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு. இன்று அத்துகளை மியூவான் என்கின்றோம். இன்றைய நூல்களில் அதன் நிறை 105.66 எம்.இ.வி. என்றிருக்கும். 200 எங்கே, 105.66 எங்கே என்று ஒருவர் திகைக்கலாம். பாட்டனாரின் மணங்கை மறவாதீர்கள். 105.66ஐ 0.511ஆல் வகுத்தால் 206.8 வரும். மலைச்சாரலில் சில ஒளிப்படத் தகடுகளும் ஒரு நுண்ணோக்கியும் கொண்டு அவ்விருவர் கண்ட எண் உண்மைக்கு அத்துணை அருகில் நின்றது!

ஆனால் வரலாறு அங்கு முடியவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நுட்பமான தகடுகள் நம் நாட்டில் கிடைக்கவில்லை. இருந்த தகடுகளோ தடத்தை முழுமையாகக் காட்ட வல்லவையல்ல. போர் முடிந்த பின் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாவெல் என்பாரும் அவர் குழுவினரும் புதிதாய் ஆக்கப்பட்ட செறிந்த பூச்சுத் தகடுகளைக் கொண்டு அவ்வகை ஆராய்ச்சியையே செய்தனர். 1947இல் அவர்கள் கண்ட உண்மை உலகை வியக்கவைத்தது. இடைநிறைத் துகள் ஒன்றன்று, இரண்டு. ஒன்று 273 மடங்கு நிறையுள்ள பையான்; அதுவே யுகாவா கணித்த துகள். மற்றது அதிலிருந்து பிறக்கும் 207 மடங்கு நிறையுள்ள மியூவான். எம்.இ.வி. கணக்கில் 139.57ம் 105.66ம் ஆகும். 207க்கும் 273க்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் காட்டவல்ல நுண்ணிய தராசு யாரிடம் இருந்ததோ அவரிடமே கண்டுபிடிப்பும் சென்றது. 1950இல் பாவெல் நோபெல் பரிசு பெற்றார்.

பாவெல் நன்றி மறந்தவரல்லர். தகட்டின் தடத்தைக் கொண்டு மெசானையும் புரோட்டானையும் வேறுபடுத்தலாம் என்பதை 1941இலேயே போஸும் சௌதுரியும் சுட்டிக்காட்டினர் என்று தம் நூலில் எழுதியுள்ளார். எனவே பிபா சௌதுரியின் பரிசை மற்றொருவர் பறித்துக்கொண்டார் என்று நாம் கூறமாட்டோம். அவர் கணக்கில் குறையில்லை. கைக்கு வந்த தகட்டில் குறை. ஆயினும், பாவெல் குறித்துவைத்த அப்பெயரை நம் நாட்டுப் பாடநூல்கள் நெடுங்காலம் குறிக்காமல் விட்டனவே, அக்குறை நம்முடையது.

சுரங்கத்து ஆழத்தில்

பிபா சௌதுரி சோர்ந்து அமரவில்லை. 1945இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் பிளாக்கெட் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் உழைத்து முனைவர் பட்டம் பெற்றார். 1949இல் பாபாவின் அழைப்பை ஏற்றுப் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்; அந்நிலையத்தின் முதல் பெண் ஆராய்ச்சியாளர் அவரே. பின்னர் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கோலார் தங்கவயல் ஆராய்ச்சிகளிலும் பங்குகொண்டார்.

கோலார் தங்கவயல் என்றதும் நம்மவர் உள்ளம் நெகிழும். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற நம் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து குடைந்த சுரங்கம் அது. அவர்கள் குடைந்த ஆழத்திலேதான், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டரில், காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோத் துகள்களின் விளைவு 1965இல் கண்டறியப்பட்டது. டாட்டா நிலையத்தாரோடு ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அதில் கூடி உழைத்தனர்.

1980இல் அதே சுரங்கத்தில் மற்றொரு பெரிய சோதனை தொடங்கிற்று. புரோட்டான் என்றென்றும் அழியாததா, என்றேனும் சிதையுமா என்பதே வினா. அதற்கென 140 டன் எடையுள்ள இரும்புத் தகடுகளும் உணர்கருவிகளும் கொண்ட அமைப்பை ஆழத்தில் நிறுவினர். சரக்குக் கணக்கர் கண்ணுக்கு அது மூன்று வேகன்களில் அடங்கும் பாரம். ஆனால் விஞ்ஞானிக்கு வேண்டியது டன் கணக்கன்று. அதில் எத்தனை துகள் உண்டு என்பதே. அணுக்கருவிலுள்ள ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய ஓர் அணு நிறை அலகு, அதாவது 1.66 × 10⁻²⁷ கிலோகிராம். 1,40,000 கிலோவை அதனால் வகுத்தால், 8 என்னும் எண்ணின் பின் 31 சுழியன்கள் இட்ட அளவுக்குத் துகள்கள் வரும். புரோட்டானின் ஆயுள் 1க்குப் பின் 31 சுழியன்கள் இட்ட ஆண்டுகள் அளவினது என்று அக்காலக் கொள்கைகள் கூறின. அத்துணை ஆண்டு காத்திருப்பார் யார்? ஆனால் அத்துணை துகள்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓராண்டிலேயே சில சிதைவுகள் தென்படவேண்டும் அன்றோ! டன்னிலிருந்து அணு நிறை அலகுக்கு மாற்றும் ஒரு சிறு வகுத்தலே அச்சோதனையை மனித ஆயுளுக்குள் அடங்கச் செய்தது.

சிதைவாக இருக்கலாம் எனச் சில தடங்கள் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டன. பிற நாடுகளில் அமைந்த பெரிய கருவிகள் அவற்றை உறுதி செய்யவில்லை. இன்றுவரை புரோட்டான் சிதைந்ததற்குச் சான்று கிட்டவில்லை. 1992 அளவில் கோலார்ச் சோதனைகள் நின்றன. 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. சுரங்கத்தை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் வேறு பிழைப்பை நாடி வெளியே செல்லவேண்டியதாயிற்று. அவர்கள் குடைந்த இருட்டில் உலகம் வெளிச்சம் தேடிற்று என்பதை நம் சங்கங்களேனும் நினைவில் வைத்தல் வேண்டும்.

முடிவுரை

கிலோகிராமும் இன்று பழைய கிலோகிராம் அன்று. பாரிஸ் நகருக்கு அருகே 1889 முதல் காத்துவந்த பிளாட்டினம் இரிடியம் உருளையே உலகின் கிலோகிராமாக இருந்தது. 2019 மே 20 முதல் அவ்வுருளைக்கு ஓய்வு தந்து, பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணைக் கொண்டே கிலோகிராமை வரையறுக்கின்றனர். கற்கள் மாறும், மாற்றிக்கொள்ளும் கணக்கு நிலைத்திருக்கும். அக்கணக்கை அறிந்தவனுக்கு முன்னோர் எழுதியது ஒன்றும் வீணாகாது.

பிபா சௌதுரி 1991இல் மறைந்தார். அவர் மறைந்து 28 ஆண்டுகள் கழித்து, 2019இல், உலக வானியலார் சங்கம் ஒரு விண்மீனுக்குப் பிபா என்று பெயர் சூட்டிற்று. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது, தொலைநோக்கி வேண்டும். வாழ்ந்த நாளில் அவர் பெயரும் அவ்வாறே இருந்தது.

இவ்வரலாற்றை நம் தங்கைக்குக் கடிதமாக எழுதினோம். “1936இல் ஒரு வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருந்த மகளை அந்த வீட்டார் தடுத்திருந்தால், அந்த 200 மடங்கு நம் நாட்டில் எழுதப்பட்டிருக்காது, அம்மா. எட்டு மணி நேரக் கப்பல் பெரிய தூரமன்று” என்று முடித்தோம். மூன்று வாரம் கழித்து வந்த மறுமொழி இரண்டு வரிதான்: “அண்ணா, விண்ணப்பம் வாங்கிவிட்டோம். விடுதிக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் சொல்லவும்.”

விசாரித்துச் சொல்லியுள்ளோம். நம் காலனியில் இவ்வாறு கேட்கும் பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பர். அவர்கள் கொண்டுவரும் வினாக்களை ‘பைத்தியம்’ என்று தள்ளாது, விடை தெரியாவிடினும் உடன் அமர்ந்து தேடுவோமாக. நம் சங்கம் அதற்கு ஒரு திண்ணையாக விளங்குமாக.

வளர்க சங்கம்! வாழ்க தமிழ்!